ஆச்சியின் அதிமதுரமும் என் கடை நோட்டும்

போன மார்கழியில் ஒரு ராத்திரி. ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு வண்டியை எடுக்கப் போகும்போது பெங்களூரிலிருந்து போன் வந்தது. பள்ளத்தூர் ஆச்சியின் மகள்.

"அண்ணே, ஆத்தாவை மதுரையில ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். கால் ரெண்டும் துவண்டு போச்சு, எந்திரிச்சு நிக்க முடியல. ரத்தத்துல பொட்டாசியம் ரொம்ப இறங்கிருச்சாம். வேற என்ன மருந்து சாப்பிடுறாகன்னு டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஆத்தா ஒண்ணுமில்லைன்னே சொல்றாக. வீட்டுல உங்க கடைப் பொட்டலம் ரெண்டு இருக்காம், சமையக்காரம்மா சொல்லுது. அதுல என்னண்ணே இருக்கு?"

பூட்டின கடையைத் திரும்பத் திறந்தேன்.

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் அப்பா வைத்த நாட்டு மருந்துக் கடை இது. நான் மதுரையில் பி.பார்ம் முடித்துவிட்டு வந்து, அதே கடையின் வலது பக்கச் சுவரில் இங்கிலீஷ் மருந்து அடுக்கினேன். இடது பக்கம் அப்பா காலத்து மர இழுப்பறைகள் அப்படியே இருக்கின்றன. கடுக்காய், தான்றிக்காய், சித்தரத்தை, திப்பிலி என்று ஒவ்வொன்றின் நெற்றியிலும் அப்பா கையால் பெயின்டில் எழுதிய பேர். இரண்டு பக்கத்துக்கும் நடுவே பத்தடி தூரம் இருக்கும். இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் பில், அந்தப் பக்கம் நீள நோட்டு. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இப்படித்தான் நடக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அன்று ராத்திரிதான் முதல் தடவையாக வைத்துப் பார்த்தேன்.

கம்ப்யூட்டரில்: ஆவணியிலிருந்து ராமிப்ரில், மாதம் மூன்று அட்டை. கார்த்திகையிலிருந்து கூடவே நீர் மாத்திரை, ஹைட்ரோகுளோரோதயாசைடு. நோட்டில்: புரட்டாசியிலிருந்து ஆறு தடவை அதிமதுரப் பொடி 100 கிராம். ஐப்பசியிலிருந்து நிலாவாரைப் பொடி. எல்லாம் ஒரே ஆச்சி பேரில், ஒரே கடையில், என் கையெழுத்தில்.

நடந்தது இதுதான். ஆச்சிக்கு எழுபத்திரண்டு வயது. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும். அவ்வளவு பெரிய வீட்டில் இரண்டாங்கட்டில் ஒரு அறையும் சமையல்கட்டும்தான் புழக்கம். பிரஷர் என்று டாக்டர் ராமிப்ரில் எழுதினார். அது நல்ல மாத்திரை. ஆனால் பத்துப் பேரில் ஒருவருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் அது அச்சிட்டே இருக்கும், அந்தத் தாளை யாரும் பிரிப்பதில்லை. ஆச்சிக்கு இருமல் வந்தது. இருமலுக்கு டாக்டரிடம் போவானேன் என்று நினைத்து என்னிடம் வந்தார். "தொண்டை அரிக்குது தம்பி, அதிமதுரம் குடுங்க." கொடுத்தேன். காலையில் ஒரு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டி, தேனில் குழைத்து. மாத்திரையால் வந்த இருமல் அதிமதுரத்துக்குப் போகுமா? தொண்டை கொஞ்சம் இதமாக இருக்கும், மறுநாள் மறுபடி இருமல். அதனால் பொட்டலம் தொடர்ந்தது.

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணம் கிளிசிரைசின். நம் சிறுநீரகத்தில் ஒரு நொதி காவல்காரன் மாதிரி நின்று, கார்டிசால் என்ற ஹார்மோன் உப்பைப் பிடித்துவைக்கும் பூட்டில் கை வைக்காமல் தடுக்கிறது. கிளிசிரைசின் வயிற்றில் மாறி உருவாகிற பொருள் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. உடம்பு உப்பையும் தண்ணீரையும் பிடித்துவைத்துக்கொள்ளும், பொட்டாசியத்தைச் சிறுநீரில் விட்டுவிடும். பிரஷர் ஏறும், கால் வீங்கும், தசை துவளும், இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். இது புதுசாகக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. 1946இலேயே ஹாலந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர் வயிற்றுப் புண் நோயாளிகளுக்கு அதிமதுரச் சாறு கொடுத்துப் பார்த்து, புண் ஆறுகிறது, ஆனால் ஐந்தில் ஒருவருக்கு உடம்பு நீர் கோக்கிறது என்று எழுதினார். நான் கல்லூரியில் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன்.

கார்த்திகையில் ஆச்சி கடைக்கு வந்தபோது பிரஷர் 180. பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். செருப்பு வார் பட்ட இடத்தில் விரல் அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. குனிந்து கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. "உப்பைக் குறைச்சுக்குங்க ஆச்சி" என்று சொன்னேன். டாக்டர் புதிதாக எழுதிக் கொடுத்த நீர் மாத்திரைச் சீட்டை வாங்கி மருந்தை எடுத்து வைத்தேன். கிளம்பும்போது, "அந்தப் பக்கம் அதிமதுரமும் நிலாவாரையும் போட்டுருங்க தம்பி, மலச்சிக்கல் வேற" என்றார். அதையும் மடித்துக் கொடுத்தேன்.

அதிமதுரம் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். நீர் மாத்திரையும் தள்ளும். தினம் சாப்பிடும் நிலாவாரை மலத்தோடு தள்ளும். மூன்றையும் நானே கொடுத்தேன். மதுரையில் ஆச்சிக்கு எடுத்த அளவு 2.4. குறைந்தது 3.5 இருக்க வேண்டும்.

மகளிடம் அதிமதுரம், நிலாவாரை என்ற இரண்டு பெயரையும் சொன்னேன். மறுநாள் காலை டாக்டரே பேசினார், வயதில் சின்னவர். "எவ்வளவு நாளா, எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரியே நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு ஆறு கிராம் பொடி. வேரில் கிளிசிரைசின் நூற்றுக்கு நாலு பங்கு என்று வைத்தாலே 240 மில்லிகிராம். ஐரோப்பாவில் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். ஆச்சி மூன்று மாதத்துக்கு மேல் அதைப் போல இரண்டு மடங்குக்கும் கூடுதலாகச் சாப்பிட்டிருக்கிறார்.

"விருந்தும் மருந்தும் மூணு நாள்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். அதைத்தான் நான் மறந்தேன். இன்னொன்றும் சொல்வார்: "சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு." சுக்கைத் தோல் சீவாமல் உரலில் போட்டால் திட்டு விழும். கடுக்காயைக் கொட்டையோடு இடிக்கவே விடமாட்டார். நேர்வாளத்தையும் சேராங்கொட்டையையும் நஞ்சு நீக்கிச் சுத்தி செய்யாமல் யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை. "பக்க விளைவே இல்லாதது" என்று அப்பா ஒரு நாளும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பேச்சு பிறகு டிவி விளம்பரத்தோடு வந்தது. பத்தியம், மருந்தை எதில் குழைத்துச் சாப்பிடுவது என்ற அனுபானம், இத்தனை நாள் என்ற கெடு, இதெல்லாம் பழைய வைத்தியர்கள் வீணுக்கு வைத்ததில்லை. மருந்துக்குப் பல் உண்டு என்று தெரிந்துதான் வைத்தார்கள். இன்றைக்குப் பொட்டலத்தை மட்டும் வாங்கிப் போகிறோம், கெடுவைக் கடையிலேயே விட்டுவிடுகிறோம்.

இதை எழுதினால் சிலர் கோபப்படுவார்கள். "எங்க அப்பத்தா கீழாநெல்லி குடுத்துத்தான் எனக்குக் காமாலை போச்சு" என்பார்கள். என் வீட்டிலும் அதே கதை உண்டு. என் தங்கை மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கண்ணெல்லாம் மஞ்சளாகிப் போனது. நானே வயல் வரப்பிலிருந்து கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி மோரில் கரைத்துக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் பையன் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். வீடே என்னைக் கொண்டாடியது.

ஆனால் அவனுக்கு வந்தது ஏ வகைக் காமாலை, தண்ணீரில் பரவுவது. அது பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாகிப் போகும். கீழாநெல்லி கொடுத்தாலும் போகும், கொடுக்காவிட்டாலும் போகும். அப்படியானால் கீழாநெல்லி வேலை செய்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே மாதிரி நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மருந்தும் மற்றதுக்கு அதே தோற்றத்தில் வெறும் காப்ஸ்யூலும் கொடுத்துப் பார்க்க வேண்டும். எது யாருக்குப் போகிறது என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியக் கூடாது. என் ஒரு வீட்டுக் கதையையும் உங்கள் ஒரு வீட்டுக் கதையையும் எத்தனை அடுக்கினாலும் இந்தக் கேள்விக்குப் பதில் வராது.

அந்தச் சோதனையைச் செய்தவர்கள் நம் சென்னைக்காரர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு. பி வகைக் காமாலை வைரஸ் உடம்பில் தங்கிவிட்டவர்களுக்குக் கீழாநெல்லியை 200 மில்லிகிராம் காப்ஸ்யூலாக ஒரு நாளைக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் காணாமல் போனது. வெறும் காப்ஸ்யூல் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் போனது. 1988இல் லான்செட் இதழில் வந்தது. அந்த வைரஸின் அடையாளத்தையே கண்டுபிடித்து 1976இல் நோபல் வாங்கிய புளும்பெர்க்கும் கட்டுரையில் கூட்டாளி. எங்கள் அப்பாவுக்கு அப்போது தலைகால் புரியவில்லை. கீழாநெல்லி இழுப்பறை மேல் ஒரு பேப்பர் நறுக்கு பல வருஷம் ஒட்டியிருந்தது.

பிறகு தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், வைரஸ் போகவில்லை. நியூசிலாந்தில் செய்தார்கள், அங்கும் போகவில்லை. 2011இல், அதுவரை வந்த சோதனைகளையெல்லாம் கூட்டி ஆராய்ந்த காக்ரேன் குழு, வெறும் காப்ஸ்யூலை விடக் கீழாநெல்லி மேல் என்று சொல்ல நம்பத்தக்க சான்று இல்லை என்று முடித்தது. சென்னைக்காரர்கள் பொய் சொன்னார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வேண்டிய முறையில் கேட்டவர்கள் அவர்கள். ஒரு இடத்தில் கிடைத்த பதில் மற்ற இடத்திலும் கிடைக்கிறதா என்று பார்ப்பதும் அதே முறையில் சேர்ந்ததுதான். அப்பாவிடம் இதை எடுத்துச் சொன்னபோது ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அந்தப் பேப்பர் நறுக்கை அவரே கிழித்து எடுத்தார்.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் ஒரு லாரி டிரைவர். ரத்த தானம் செய்யப் போன இடத்தில் பி வைரஸ் இருப்பது தெரிந்தது. டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னார். அவர் போகவில்லை. பச்சிலை குடிக்கிறேன், அது போதும் என்று ஆறு வருஷம் இருந்துவிட்டார். நாற்பத்திரண்டு வயதில் வயிறு முழுக்க நீரோடு என் கடைப் படியில் ஏற முடியாமல் நின்றார். கீழாநெல்லி அவர் கல்லீரலை ஒன்றும் செய்யவில்லை. டெனோஃபோவிர் மாதிரி வைரஸை அடக்கும் மாத்திரை தினம் ஒன்று சாப்பிட்டிருக்க வேண்டிய வருஷங்களை அது வாங்கிக்கொண்டது. மூலிகையால் வரும் கெடுதல்களில் இது எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் தெரியாது.

வேலை செய்கிற மூலிகைகள் நிறைய உண்டு. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நிலாவாரை மலத்தை இளக்கும் என்பது உலகம் ஒப்புக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது, வெளிநாட்டுச் சந்தையில் அதற்குத் திருநெல்வேலிப் பேர்தான். மசக்கை வாந்திக்கு இஞ்சி: 2001இல் தாய்லாந்தில் 70 கர்ப்பிணிகளிடம் சோதித்தார்கள், நாளைக்கு ஒரு கிராம் பொடி, நாலு நாள். குமட்டலும் வாந்தியும் கண்டிப்பாகக் குறைந்தன. கர்ப்பிணிகள் கேட்டால் நான் தைரியமாகச் சொல்கிறேன், இந்த அளவோடு, டாக்டருக்கும் தெரியட்டும் என்ற வார்த்தையோடு.

சர்ப்பகந்தா வேரை 1949இல் பம்பாயில் இதய மருத்துவர் ருஸ்தம் வக்கீல் 50 பிரஷர் நோயாளிகளிடம் சோதித்து எழுதினார். அதிலிருந்து பிரித்த ரெசர்பின் உலகம் பூராவும் பிரஷருக்குப் போனது. உண்மையாகவே பிரஷரை இறக்கியது. சிலருக்கு மனதையும் இறக்கியது. ஒன்றிலும் பிடிப்பில்லாமல் போய் உயிரை வெறுத்தவர்கள் உண்டு. இன்னும் நல்ல மாத்திரைகள் வந்ததும் அது பின்னால் போனது. பிரஷரை இறக்குகிற அதே சக்திதான் மூளையிலும் போய் வேலை செய்தது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று செடியிடம் சொல்ல முடியாது.

சிறுகுறிஞ்சானை நான் எட்டு வயதில் தெரிந்துகொண்டேன். அப்பா ஒரு இலையை நீட்டி, "மென்னு, துப்பாதே" என்றார். கசந்தது. ஒரு நிமிஷம் கழித்து உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்தார். வாயில் போட்டேன். ஆற்று மணலை அள்ளிப் போட்டது போல இருந்தது. நறநறவென்று சத்தம் மட்டும் கேட்கிறது, இனிப்பு எங்கேயோ போய்விட்டது. அழுதேவிட்டேன், இனிமேல் எனக்கு எதுவுமே இனிக்காதோ என்று. அரை மணி நேரத்தில் சரியானது. இந்த இலைக்குச் சர்க்கரை நோயில் என்ன பலன் என்று 1990இல் சென்னையில் பார்த்தார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள 22 பேருக்கு மாத்திரையோடு சேர்த்து இலைச் சாரத்தை 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது, 5 பேர் மாத்திரையையே விட முடிந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் குலுக்கிப் போட்டுப் பிரித்த இரண்டு கூட்டம் இல்லை, வெறும் காப்ஸ்யூல் இல்லை. ஆகவே நம்பிக்கை தருகிற தொடக்கம் என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்லக் கூடாது. கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் யாரிடமும் சொல்லாமல் இதையும் சேர்த்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். அதனால் என் கடையில் சிறுகுறிஞ்சான் கேட்பவரிடம் முதல் கேள்வி, "சுகர் மாத்திரை எது சாப்பிடுறீங்க?"

டெங்கு சீசனில் நிலவேம்புக் குடிநீருக்குக் கூட்டம் அலைமோதும். சளிக் காய்ச்சலில் நிலவேம்பு ஓரளவு உதவும் என்று சில சோதனைகள் காட்டுகின்றன. டெங்குவில் உயிரைக் காப்பது உடம்பின் நீர்க்கணக்கைப் பார்த்துக்கொண்டே இருப்பது. குடிநீரைக் கொடுத்துவிட்டு, "வயித்து வலி, வாந்தி, ரத்தம் கசியுறது, எதுன்னாலும் உடனே ஆஸ்பத்திரி, வலி மாத்திரை எதுவும் போடக் கூடாது" என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

என்னை ரொம்ப வாட்டுவது இன்னொரு விஷயம். இழுப்பறையில் எழுதியிருக்கிற பேரும் உள்ளே இருக்கிற சரக்கும் ஒன்றுதானா?

கொரோனா காலத்தில் சீந்தில் தண்டு கிலோ கிலோவாகப் போனது. எதிர்ப்பு சக்தி என்று எல்லோரும் தினமும் குடித்தார்கள். 2021இல் மும்பை மருத்துவர்கள் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள், சீந்தில் குடித்த பின் கல்லீரல் வீங்கியவர்கள். அடுத்த வருஷம் 13 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 43 பேரைப் பற்றி எழுதின. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கியது போன்ற நோய். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது: அது நல்ல சீந்திலாக இருக்காது, அதே சாயலில் உள்ள வேறு கொடியாக இருக்கும் என்றது. இரண்டில் எது உண்மையானாலும் விற்கிற எனக்கு நிம்மதி இல்லை. பச்சைக் கொடியாக இருந்தால் இலையையும் தண்டையும் பார்த்துச் சொல்வேன். காய்ந்து, துண்டாகி, சாக்கில் வந்த பிறகு எனக்கே பிரிக்க வராது.

பேர் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியம் சாட்சி. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடம்பு இளைக்கச் சீன மூலிகைக் காப்ஸ்யூல் கொடுத்தார்கள். சீனத்தில் 'ஃபாங் ஜி' என்று முடிகிற பேர் இரண்டு செடிகளுக்கு உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றது வந்து சேர்ந்துவிட்டது. நூறு பெண்களுக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. பலர் டயாலிசிஸுக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் போனார்கள், பல வருஷம் கழித்துச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணம் அரிஸ்டோலோகிக் அமிலம். அந்தக் குடும்பத்துச் செடிகள் நம் ஊரிலும் உண்டு. ஒன்று ஈஸ்வரமூலி, பெருமருந்து என்றும் சொல்வார்கள். இன்னொன்று ஆடுதீண்டாப்பாளை. ஆடு தின்னாததைப் பார்த்துத்தான் பேர் வைத்திருக்கிறார்கள். பாம்புக் கடிக்கும் பூச்சிக்கும் எங்கள் கடையில் தலைமுறையாக விற்றோம். இதன் கெடுதல் அன்றைக்கே தெரியாது. இன்று வாங்கியவருக்கு இருபது வருஷம் கழித்துச் சிறுநீரகம் போனால் அவர் என் கடையை நினைக்க மாட்டார், அவர் டாக்டரும் நினைக்க மாட்டார். அதனால்தான் இத்தனை நூற்றாண்டு அனுபவமும் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை. இந்த இரண்டு இழுப்பறைகளையும் காலி செய்து கழுவி வெயிலில் வைத்தேன். அப்பா எழுதிய பேர்களை மட்டும் அழிக்க மனசு வரவில்லை.

ஆச்சி ஐந்து நாளில் வீடு திரும்பினார். பொட்டாசியம் ஏற்றினார்கள், அதிமதுரத்தையும் நிலாவாரையையும் நிறுத்தினார்கள். கால் வீக்கம் வடிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது, அதிமதுரத்தின் பிடி அவ்வளவு சீக்கிரம் விடாது. ராமிப்ரிலை மாற்றி டெல்மிசார்டன் எழுதினார்கள். இருமல் தானாக நின்றுபோனது. தைப்பூசம் கழிந்து நான் பள்ளத்தூருக்குப் போனேன். முகப்பில் உட்கார்ந்து, "நான் கேட்டிருக்கணும் ஆச்சி, கேக்கல" என்று சொன்னேன். "நானும் சொல்லலையே தம்பி. வீட்டு மருந்துதானேன்னு இருந்துட்டேன்" என்றார். அந்த டாக்டர் கேட்டபோது ஆச்சி மறைக்கவில்லை. 'மருந்து' என்ற வார்த்தைக்குள் அதிமதுரம் வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஆகவே கேட்கிறவர்களும் கேள்வியை மாற்ற வேண்டும். "வேற மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் பதில் வராது. "கஷாயம், சூரணம், லேகியம், பொடி, பச்சிலை ஏதாச்சும் குடிக்கிறீங்களா?" என்று பேர் சொல்லிக் கேட்டால் வருகிறது. இரண்டு மாதமாக நான் இப்படித்தான் கேட்கிறேன். பத்துப் பேரிடம் கேட்டால் நாலைந்து பேர் ஆமாம் என்கிறார்கள்.

இப்போது இரண்டு பக்கத்துக்கும் ஒரே நோட்டு. பொட்டலத்தின் மேல் சரக்கின் பேர், தேதி, எத்தனை நாளைக்கு என்பதைத் தமிழில் எழுதி ஒட்டுகிறேன். அதிமதுரம் என்றால் 25 கிராமுக்கு மேல் இல்லை, பிரஷர்காரருக்குக் கிடையவே கிடையாது. ஆபரேஷன் இருக்கிறது என்றால், பூண்டு மாத்திரை முதல் எல்லாப் பொடியையும் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு மயக்க டாக்டரிடம் சொல்லச் சொல்கிறேன். வியாபாரம் கொஞ்சம் குறைந்தது. என் மனைவி கணக்கைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்றாள்.

பங்குனியில் ஒரு நாள் மதியம் ஆச்சி காரை விட்டு இறங்கி வந்தார். கையில் மஞ்சப்பை. "வீட்டுல இருக்கிறதெல்லாம் கொண்டாந்துட்டேன் தம்பி, நீங்களே பாருங்க" என்று மேசையில் கவிழ்த்தார். சுக்குப் பொடி. வெந்தயப் பொடி. திரிபலா. காலாவதியான இரண்டு அட்டை வலி மாத்திரை. அமுக்கரா மாத்திரை. மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய மஞ்சள் காப்ஸ்யூல். அதைத் திருப்பிப் பார்த்தேன், குர்க்குமினோடு பைப்பரின் என்று போட்டிருந்தது. பைப்பரின் என்பது மிளகின் சாரம்.

"மஞ்சளும் மிளகும்தானே, நம்ம கோழிக் குழம்புல போடாததா?"

"குழம்புல போடுறது வேற ஆச்சி. மஞ்சளைச் சும்மா தின்னா ரத்தத்துல சேராது. மிளகுச் சாரம் சேந்தா இருபது மடங்கு ஏறுதுன்னு 1998லயே பெங்களூர்ல கண்டுபிடிச்சாக. மத்த மாத்திரை சிலதையும் அது அப்படி ஏத்திவிடும். இந்த மாதிரி காப்ஸ்யூல் சாப்பிட்டு ஈரல் வீங்குனவுக அமெரிக்காவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் இருக்காக. குழம்பு சாப்பிட்டு யாருக்கும் அப்படி வரல."

காப்ஸ்யூல் டப்பாவை ஒதுக்கி வைத்தார். அமுக்கராவையும் ஒதுக்கினேன், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். சுக்கையும் வெந்தயத்தையும் பைக்குள் திரும்பப் போட்டேன். கடைசியாக ஒரு கண்ணாடிப் பாட்டில் மிஞ்சியது. கறுப்பாக லேகியம், மேலே ஒரு எழுத்தும் இல்லை. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். திப்பிலி வாசனை கொஞ்சம், நெய், அப்புறம் என்னவென்று பிடிபடவில்லை.

"இதுல என்ன இருக்குன்னு எனக்குச் சொல்ல வரல ஆச்சி."

"மேலவீட்டு அண்ணமிண்டி குடுத்தாக, முட்டு வலிக்கு." அங்கேயே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "அண்ணமிண்டி, அந்த லேகியத்துக்குள்ள என்ன போட்டிருக்காகன்னு கேட்டீகளா?"

"எல்லாம் மூலிகைதான்" என்றது போன்.

"அதான் கேக்குறேன்," என்றார் ஆச்சி, பாட்டில் மூடியைத் திருகி மூடிக்கொண்டே. "எந்த மூலிகை?"